கண்ணில் நூலும் பூச்சியும்: மிதவைகளுக்கான அறுவைச் சிகிச்சை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெய்ப்புத் திருத்துவது என் தொழில். ஐம்பத்தாறு வயதில் இடது கண்ணில் மிதவைகள் வந்தன. பதினான்கு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டேன். அச்சகத்துக்காரர்கள், உறவினர்கள், மருத்துவமனை வரிசையில் பக்கத்து நாற்காலியில் இருந்தவர்கள் என்று அதன்பின் பலரும் என்னைக் கேட்ட கேள்விகள் இவை. பதில்கள் என் மருத்துவரை நச்சரித்துப் பெற்றவையும் நானே பட்டுத் தெரிந்துகொண்டவையும். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. உங்கள் கண்ணைப் பார்க்காமல் உங்களுக்கு முடிவு சொல்வது மருத்துவராலும் ஆகாத காரியம்.

கண்ணுக்குள் மிதப்பது என்ன?

லென்ஸுக்கும் விழித்திரைக்கும் இடையில் சுமார் 4 மில்லிலிட்டர் அளவுக்குத் தெளிவான கூழ் ஒன்று நிறைந்திருக்கிறது. மருத்துவர்கள் விட்ரியஸ் என்பார்கள். நான் விழிக்கூழ் என்று சொல்லிக்கொள்கிறேன். நூற்றில் 98 பங்குக்கு மேல் அது தண்ணீர்தான். மீதியிருக்கும் கொஞ்சம் கொலாஜன் இழைகளும் ஹையலூரானிக் அமிலமும் அதை இளநுங்கு போலக் கட்டி வைத்திருக்கின்றன. வயது ஏற ஏற நுங்கு இளகுகிறது, உள்ளே நீர் கோத்துக்கொள்கிறது, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருள்கின்றன. சுருண்டவற்றின் நிழல் விழித்திரையில் விழும்போது நூல், பூச்சி, சிலந்திவலை, புகை என்று அவரவர் கற்பனைக்கேற்பத் தெரிகிறது. இலத்தீனில் இதற்குப் ‘பறக்கும் ஈக்கள்’ என்று பெயர். கண்ணில் பூச்சி பறக்கிறது என்று எங்கள் பாட்டி சொன்னதும் அதையேதான்.

ஐம்பது வயதுக்கு மேல் பலருக்கு இந்தக் கூழ் ஒருநாள் விழித்திரையிலிருந்து பின்பக்கமாகக் கழன்றுகொள்கிறது. கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கும் கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்கும் இது முன்னதாகவே நடக்கலாம். பார்வை நரம்பின் வாயைச் சுற்றி ஒட்டியிருந்த பகுதி பிய்ந்து வரும்போது மோதிரம் போன்ற மிதவை ஒன்று தெரியும். வைஸ் வளையம் என்று அதற்குப் பெயர். எனக்கு வந்ததும் அதுதான், ஒரு பக்கம் அறுந்த வளையம்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

மற்ற கேள்விகளுக்கெல்லாம் ஆற அமர யோசிக்கலாம். இதற்கு முடியாது. திடீரென்று ஒரு பிடி மிளகைத் தூவினாற்போல மிதவைகள் வந்தால், இருட்டில் பக்கவாட்டில் மின்னல் வெட்டினால், பார்வையின் ஓர் ஓரத்தில் திரை இறங்கியதுபோல இருண்டால், அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். கூழ் கழலும்போது விழித்திரையைச் சேர்த்துக் கிழித்திருக்கலாம். இப்படித் திடீர் அறிகுறிகளோடு கூழ் கழன்று வருபவர்களில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்குக் கிழிசல் இருக்கிறது. கிழிசல் மட்டும் என்றால் வெளிநோயாளியாகவே லேசர் போட்டு ஓரங்களை ஒட்டவைத்துவிடலாம். விழித்திரை பிரியத் தொடங்கிவிட்டால் அது பெரிய அறுவை.

நீரிழிவு உள்ளவர்கள் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். அவர்களுக்குத் தெரியும் கருநூல் மிதவையாக இல்லாமல் இரத்தக் கசிவாகவும் இருக்கலாம். அதற்கான வைத்தியமே வேறு.

பரிசோதனையில் பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். சில மணி நேரத்துக்கு எல்லாம் மங்கலாகவும் கூசலாகவும் இருக்கும். இருசக்கர வண்டியில் போய்விட்டு, திரும்பும்போது யாரைக் கூப்பிடுவது என்று என்னைப்போல விழிக்காதீர்கள். முதல் முறை ஒன்றுமில்லை என்று சொன்னாலும் நான்கு முதல் ஆறு வாரத்தில் மறுபடி காட்டச் சொல்வார்கள். கட்டாயம் போங்கள், சில கிழிசல்கள் தாமதமாக வரும்.

கிழிசல் இல்லை என்றால் மிதவைகளுக்கு அறுவை தேவையா?

பெரும்பாலானோருக்குத் தேவையில்லை. கழன்ற கூழ் நாளாக நாளாகக் கீழே தணிந்து, நிழல் பார்வையின் நடுக்கோட்டை விட்டு விலகுகிறது. மூளையும் அதைக் கண்டுகொள்ளாமல் இருக்கப் பழகுகிறது. அதனால்தான் பொறுப்புள்ள மருத்துவர்கள் குறைந்தது ஆறு மாதமாவது பார்க்கலாம் என்கிறார்கள். அந்த ஆறு மாதத்தில் என் தங்கை கணவருக்கு மிதவை இருப்பதே மறந்துபோனது. எனக்கு மறக்கவில்லை.

கண் பரிசோதனையில் 6/6, அதாவது குறையில்லாப் பார்வை என்று வருகிறது. பிறகு ஏன் இவ்வளவு தொல்லை?

இந்தக் கேள்வியை என் வீட்டார் கேட்டபோது அழுகை வந்தது.

சுவரில் மாட்டிய எழுத்துப் பலகை, கறுப்பெழுத்தைப் பளிச்சென்ற வெள்ளையில் காட்டுகிறது. அசையாமல் உட்கார்ந்து, மிதவை ஒதுங்கும் வரை காத்திருந்து, எழுத்தைச் சொல்லிவிடலாம். வாழ்க்கையில் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. விழிக்கூழ் கலங்கும்போது குறைவது எழுத்துக்கூர்மை அல்ல. மெல்லிய வெளிர்-அடர் வேறுபாடுகளைப் பிரித்தறியும் திறன். சாம்பல் நிறச் சாலையில் சாம்பல் நிறப் பள்ளத்தைக் கண்டுபிடிக்கும் திறன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை அளக்கத் தனிச் சோதனை இருக்கிறது. கேட்டுச் செய்துகொள்ளுங்கள். அல்ட்ராசவுண்டு படத்திலும் கூழின் கலங்கல் எவ்வளவு என்று தெரியும். ‘எல்லாம் உன் மனப்பிரமை’ என்ற பேச்சுக்கு இந்த இரண்டும் நல்ல மருந்து.

என் தொழிலில் இன்னொரு வேடிக்கை. தமிழில் ஒரு புள்ளி எழுத்தையே மாற்றிவிடும். ‘ம’ மேல் மிதவை வந்து நின்றால் அது ‘ம்’. ஒரு பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் இல்லாத மெய்யெழுத்துகளை ஏழெட்டு முறை திருத்தப் போய்ப் பேனாவைக் கீழே வைப்பேன். இருக்கும் புள்ளியை மிதவை என்று நினைத்து விட்ட பிழைகளும் உண்டு. அவை அச்சேறிவிட்டன.

சிங்கப்பூரில் நடந்து 2011இல் வெளியான ஆய்வு ஒன்றில், மிதவை விலகுவதற்காக எதை இழக்கத் தயார் என்று நோயாளிகளைக் கேட்டார்கள். மீதமுள்ள ஆயுளில் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் ஏறத்தாழ ஓராண்டை விட்டுக்கொடுக்கலாம் என்பது சராசரி விடை. பார்வையே பறிபோக நூற்றுக்கு ஏழு வாய்ப்பு இருந்தாலும் சரி என்றார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. இவ்வளவு தவிப்பில் இருப்பவரிடம் எந்தச் சிகிச்சையையும் விற்றுவிடலாம் அல்லவா?

சொட்டு மருந்து, கண் பயிற்சி, அன்னாசிப்பழம்?

கூழில் சுருண்ட இழையைக் கரைக்கும் சொட்டு மருந்து கிடையாது. பயிற்சியால் நிழல் போகாது. அன்னாசிப்பழக் கதை 2019இல் தைவானிலிருந்து வந்த ஓர் ஆய்வால் கிளம்பியது. அதன் முறை பலவீனமானது. பழம் தின்பதில் தவறில்லை. சர்க்கரை நோய் இருந்தால் அளவோடு தின்னுங்கள்.

லேசரால் உடைத்துவிட முடியாதா?

கண்புரை அறுவைக்குப் பின் லென்ஸின் பின்னால் படியும் சவ்வைத் துளைக்க யாக் லேசர் என்று ஒன்று போடுவார்கள். அதே வகை லேசரால் மிதவையைக் குறிவைத்துச் சுடும் முறை இருக்கிறது. 2017இல் வெளியான ஓர் ஆய்வில் 36 பேருக்கு உண்மையான லேசரும் 16 பேருக்குப் பாசாங்கு லேசரும் கொடுத்து ஆறு மாதம் கழித்துக் கேட்டார்கள். உண்மையான லேசர் பெற்றவர்களில் பாதிக்குச் சற்று மேலானோர் நன்றாகக் குறைந்தது அல்லது முற்றும் போயிற்று என்றார்கள். பாசாங்குக் குழுவில் ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. பாதிப்பேர் என்பது சிறிய எண் அல்ல, ஆனால் மறு பாதிப்பேரும் இருக்கிறார்கள்.

லென்ஸிலிருந்தும் விழித்திரையிலிருந்தும் தள்ளி நிற்கும் ஒற்றை வளையத்துக்கு இது பொருந்தலாம். புகைபோலப் பரவிய கலங்கலுக்குப் பொருந்தாது. குறி தவறினால் லென்ஸில் பட்டுக் கண்புரை வரலாம், கண் அழுத்தம் கூடலாம், விழித்திரை காயப்படலாம். என் வளையம் லேசருக்கு ஏற்றதுதான், அதைச் சுற்றியிருந்த புகைமூட்டம் ஏற்றதல்ல என்று மருத்துவர் கைவிட்டுவிட்டார்.

அறுவையில் என்ன செய்கிறார்கள்?

கலங்கிய கூழையே வெட்டி உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். விட்ரெக்டமி என்று பெயர். ராபர்ட் மாக்கெமர் என்ற மருத்துவர் 1970இல் அமெரிக்காவின் மயாமி நகரில் முதன்முதலாக, விழியின் முன்பகுதியைத் திறந்து வைக்காமல் பக்கவாட்டிலிருந்து கருவியை நுழைத்து இதைச் செய்தார். அன்று இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வெட்ட வேண்டியிருந்தது. இன்று வழக்கிலுள்ள கருவிகள் அரை மில்லிமீட்டர், அதற்கும் கீழே 0.4 மில்லிமீட்டர். பெரும்பாலும் தையலே வேண்டாம்.

கருவிழியின் ஓரத்திலிருந்து மூன்றரை முதல் நான்கு மில்லிமீட்டர் தள்ளி, வெள்ளை விழியில் மூன்று துளைகள். அந்த இடத்தில் நுழைந்தால் முன்னே லென்ஸும் தப்பும், பின்னே விழித்திரையும் தப்பும். ஒரு துளை வழியாக உப்புக்கரைசல் உள்ளே வந்தபடி இருக்கும். விழி சுருங்கிவிடாமல் அது காக்கிறது. மற்றொன்றில் விளக்கு. மூன்றாவதில் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டும் நுண்கத்தி. எடுத்த கூழ் மறுபடி வளராது. கண் தானாகச் சுரக்கும் நீர் அந்த இடத்தை நிரப்பிக்கொள்கிறது. அது கலங்கினாலும் கூழைப்போலச் சுருளாது.

மேசையில் படுத்திருக்கும்போது எப்படி இருக்கும்?

முன்கூட்டியே இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயத் துடிப்புப் பதிவு எல்லாம் பார்ப்பார்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் அதைச் சொல்லிவிட வேண்டும். நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

பொது மயக்கம் பெரும்பாலும் இல்லை. கண்ணைச் சுற்றி ஓர் ஊசி. அந்த ஊசிதான் நாள் முழுவதிலும் மோசமான பத்து விநாடி. வலியைவிட, கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலால் அழுத்துவது போன்ற பாரம். பிறகு கண் மரத்துவிடும். முகத்தின் மேல் துணி போர்த்தி, மூச்சுத் திணறாமல் இருக்க அடியில் ஒரு குழாய் வைத்தார்கள்.

கத்தி தெரியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பலருக்குத் தெரிகிறது, எனக்கும் தெரிந்தது. ஆனால் பயமாக இல்லை. ஒளி வெள்ளத்தில் இரண்டு மெல்லிய குச்சிகளின் நிழல், அவற்றைச் சுற்றி நீரில் மை கரைவதுபோலச் சுழல்கள். பதினான்கு மாதம் என்னை ஆட்டிவைத்த அறுந்த வளையம் குச்சியின் நுனிக்கு இழுபட்டுப் போய்க் காணாமல் போனதை நான் பார்த்தேன், அல்லது பார்த்ததாக நினைக்கிறேன். வெளியே மருத்துவர் செவிலியரிடம் மதிய உணவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அது எனக்குத் தைரியமாக இருந்தது. அரைமணிக்குள் முடிந்தது. இருமல் வந்தால் முதலில் வாயால் சொல்லிவிட்டுத்தான் இரும வேண்டும் என்பது ஒன்றே நினைவில் வைக்க வேண்டியது.

வீட்டுக்கு எப்போது போகலாம்? அங்கே என்ன எதிர்பார்க்க வேண்டும்?

அன்றைக்கே போகலாம். மறுநாள் கட்டைப் பிரித்துப் பார்ப்பார்கள். கண் சிவந்திருக்கும், மணல் விழுந்தாற்போல உறுத்தும், பார்வை சில நாள் மங்கும். உள்ளே சிறு காற்றுக்குமிழி தங்கியிருந்தால், தச்சரின் ரசமட்டத்தில் ஓடும் குமிழிபோலக் கீழ்ப்பக்கம் ஒரு கறுப்பு வட்டம் ஆடும். உண்மையில் குமிழி மேலேதான் நிற்கிறது. விழித்திரை படத்தைத் தலைகீழாக வாங்குவதால் கீழே தெரிகிறது. சில நாளில் கரைந்துவிடும்.

நான்கு முதல் ஆறு வாரம் சொட்டு மருந்து. முதல் வாரங்களில் கண்ணில் தண்ணீர் படக் கூடாது, தேய்க்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. இரண்டு வாரம் தலைக்குக் குளிக்காமல் இருந்தது அறுவையைவிடப் பெரிய தண்டனை. படிக்கலாம், தொலைக்காட்சி பார்க்கலாம், அதனால் கண் கெடாது. வண்டி ஓட்டுவதை மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மேசையில் இருக்கும்போதே கிழிசல் கண்ணில் பட்டால் லேசர் போட்டு, உள்ளே வாயு நிரப்புவார்கள். அப்படியானால் நாள்கணக்கில் தலையைக் குறிப்பிட்ட நிலையில் வைத்திருக்க வேண்டும். வாயு கரையும் வரை விமானம் ஏறக் கூடாது. ஊட்டி, கொடைக்கானலுக்கும் போகக் கூடாது. உயரம் ஏறும்போது வாயு விரிந்து கண் அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். விமானத்துக்குச் சொல்லும் எச்சரிக்கை எல்லோர் காதிலும் விழுகிறது, மலைப்பாதை விழுவதில்லை.

வலி கூடிக்கொண்டே போனால், பார்வை தெளிவதற்குப் பதில் மங்கினால், மீண்டும் மின்னலோ திரையோ தெரிந்தால் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்காதீர்கள்.

என்னென்ன தவறாகப் போகலாம்?

விழித்திரை பிரிதல் முதலாவது. வெளியான ஆய்வுகளில் இது மாறுபடுகிறது. நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம். அதற்கு இன்னோர் அறுவை வேண்டும். கண்ணுக்குள் கிருமித் தொற்று ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு, ஆனால் வந்தால் பார்வையையே கொண்டுபோய்விடலாம். இரத்தக் கசிவு, கண் அழுத்தம் கூடுதல் அல்லது குறைதல், நடுப்பார்வைப் பகுதி வீங்குதல் ஆகியவையும் உண்டு. நீரிழிவால் பார்வை போய்க்கொண்டிருப்பவருக்கு இந்த ஆபத்துகள் ஒரு கணக்கு. 6/6 படிக்கும் கண்ணோடு மேசையில் ஏறுபவருக்கு வேறு கணக்கு. என் மருத்துவர் இதை மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறைதான் எனக்கு உறைத்தது.

கண்புரை வரும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஐம்பதைத் தாண்டி, சொந்த லென்ஸோடு இருப்பவர்களுக்கு முழு அறுவைக்குப் பின் இரண்டு ஆண்டுக்குள் கண்புரை முற்றுவது விதிவிலக்கல்ல, வழக்கம். கூழ் சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருக்கவில்லை. விழித்திரையிலிருந்து கசியும் ஆக்சிஜனை அது லென்ஸ் வரை போகவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. கூழ் போனதும் ஆக்சிஜன் லென்ஸை எட்டி, அதன் நடுவைப் பழுப்பேற்றுகிறது.

லென்ஸுக்குப் பின்னால் மூன்று நான்கு மில்லிமீட்டர் கூழை விட்டுவைத்து, நடுப்பகுதியை மட்டும் எடுக்கும் முறை ஒன்று உண்டு. அதில் கண்புரை வருவது வெகுவாகக் குறைகிறது. விட்டுவைத்த கூழில் சில நூல்கள் மிஞ்சக்கூடும் என்பதுதான் விலை. ஏற்கெனவே கண்புரை எடுத்துச் செயற்கை லென்ஸ் வைத்தவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. அவர்களுக்குத்தான் இந்த அறுவை மிகப் பொருத்தம் என்பது என் எண்ணம்.

எனக்கு இந்த அறுவைக்குப் பின் பதினாறாம் மாதம் கண்புரை அறுவை நடந்தது. ஆக, ஒரு மிதவைக்காக இரண்டு முறை மேசையில் படுத்தேன். முன்பே தெரிந்துதான் ஒப்புக்கொண்டேன். இதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்கினால் அது வேறு விஷயம்.

எனக்கு 25 வயதுதான். செய்துகொள்ளலாமா?

உங்கள் வயதில் கூழ் பெரும்பாலும் விழித்திரையோடு இறுக ஒட்டியிருக்கும். அதைப் பிரிக்கப் போனால் கிழிசல் வரும் வாய்ப்பு கூடுகிறது. பிரிக்காமல் விட்டால், என்றோ ஒருநாள் தானாகக் கழன்று புது மிதவை வரலாம். கண்புரை வந்து லென்ஸை மாற்ற நேர்ந்தால், தூரத்தையும் அருகையும் நொடியில் மாற்றிப் பார்க்கும் இளமைத் திறனும் போய்விடும். மருத்துவர்கள் தயங்குவது இதனால்தான், அலட்சியத்தால் அல்ல. கைப்பேசியின் வெள்ளைத் திரையைக் கறுப்பாக்குங்கள், வெயிலில் கறுப்புக் கண்ணாடி போடுங்கள், வெறும் வானத்தைப் பார்த்து மிதவைகளை எண்ணுவதை விடுங்கள். ஒற்றைத் தலைவலிக்கு முன் தோன்றும் ஒளிக்கோலங்களையும், காட்சி முழுவதும் புள்ளிப்புள்ளியாய் மினுங்கும் கோளாற்றையும் சிலர் மிதவை என்று நினைக்கிறார்கள். அவற்றுக்குக் கூழை எடுத்துப் பயனில்லை.

மிதவை முற்றும் போய்விடுமா?

ஆய்வுகளில் பத்துக்கு ஒன்பது பேர் அளவில் நிறைவாகச் சொல்கிறார்கள். எனக்கு நடுப்பார்வை கழுவிய கண்ணாடிபோல ஆனது. கீழ் ஓரத்தில் ஒரு துணுக்கு அவ்வப்போது எட்டிப் பார்க்கிறது. கூழ் இருந்தபோது அது தளும்பித் தாமதமாக வரும். இப்போது நீரில் விரைந்து வந்து விரைந்து போகிறது.

எங்கே காட்டுவது? என்ன கேட்பது?

கண்ணாடிக்கு எண் பார்க்கும் இடம் போதாது. விழித்திரையில் தனிப் பயிற்சி பெற்றவர் வேண்டும். தமிழ்நாட்டில் அதற்குப் பஞ்சமில்லை. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது. மதுரையில் 1976இல் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனை வந்தது. 1978இல் சென்னையில் சங்கர நேத்ராலயாவை நிறுவிய பத்ரிநாத், தாமே விழித்திரை அறுவை மருத்துவராக இருந்தவர்.

நீரிழிவுக்கு எத்தனை விட்ரெக்டமி செய்திருக்கிறார் என்று கேட்காதீர்கள், மிதவைக்காக மட்டும் எத்தனை என்று கேளுங்கள். லென்ஸின் பின்னால் கூழை விட்டுவைப்பாரா, விழித்திரையின் ஓரங்களை அறுவைக்கு முன்னும் முடிவிலும் சுற்றிப் பார்ப்பாரா, உங்களுக்குக் கூழ் ஏற்கெனவே கழன்றுவிட்டதா என்பவையும் கேட்க வேண்டியவை. முதல் சந்திப்பிலேயே தேதி கொடுக்கும் மருத்துவரைவிட, ‘மூன்று மாதம் கழித்து வாருங்கள்’ என்பவரிடம் எனக்கு நம்பிக்கை அதிகம். நான் முதலில் போன ஓரிடத்தில் பரிசோதனை முடிவதற்குள் கட்டண விவரத் தாளை நீட்டினார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

செலவு ஊருக்கும் மருத்துவமனைக்கும் ஏற்ப மாறும். காப்பீட்டு நிறுவனத்திடம் ‘மிதவைக்கான விட்ரெக்டமி’ என்று குறிப்பிட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். பார்வை 6/6 என்ற காரணம் காட்டி மறுக்கக்கூடும்.

மற்றக் கண்ணிலும் வருமா? அதற்கும் செய்வீர்களா?

வரலாம், எனக்கு வந்துவிட்டது. போன தை மாதம் வலது கண்ணில் வளையம் ஒன்று வந்தது, இது அறுபடாத முழு வளையம். அன்றைக்கே ஓடிப்போய்க் காட்டினேன், கிழிசல் இல்லை. ஆறாவது வாரமும் காட்டினேன். படிக்கும்போது பக்கத்தின் வலது ஓரத்தில் ‘ம’வைச் சில சமயம் ‘ம்’ ஆக்குகிறது. அந்த இடம் வந்தால் தலையைக் கொஞ்சம் ஆட்டிவிட்டு மறுபடி படிக்கிறேன். ஆவணி வரை பார்க்கலாம் என்று மருத்துவரிடம் சொல்லியிருக்கிறேன். அவரும் அதையே சொல்ல இருந்தாராம்.